மிச்சப் பதினேழு செக்கன்

ரீச்சர் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான். இரண்டாவதாகச் சொல்ல வேண்டியதும் ஏறக்குறைய அதுதான்.

பிளாக்ஹவுஸ் பேயில் அவர் வீட்டுக்குக் கிட்ட ஒரு டெய்ரி இருந்தது. பால், பாண், பத்திரிகை விற்கிற மூலைக்கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். இங்கே கடைக்குள் காலடி வைத்ததும் "எப்படி இருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்வார்கள். கேட்டவர் நிற்பதுமில்லை, கேட்கப்பட்டவர் சொல்வதுமில்லை. கதவு திறக்கிற சத்தம் மாதிரி அதுவும் ஒரு சத்தம். ரீச்சர் மட்டும் கேட்டுவிட்டு நிற்பார். பால் போத்தல் மேசையில் இருக்கும், கண் கடைக்காரரில் இருக்கும், பின்னால் வரிசை நீண்டுகொண்டு போகும். கடைக்காரர் "நல்லா இருக்கிறன்" என்றாலும் போதாது. அது பதிலுக்கு முன்னால் வருகிற இருமல் என்பது ரீச்சரின் எண்ணம். ஒருநாள் அந்த மனிதர் தன் முழங்கால் நோவைச் சொல்லத் தொடங்கினார். பால் வாங்கப் போன நாங்கள் எக்ஸ்ரே படம் வரை பார்த்துவிட்டுத்தான் வந்தோம்.

"பதில் வந்துகொண்டிருக்கு, பொறுங்கோ." இது அவர் வாயில் எப்போதும் கிடக்கிற சொல். யாராவது இடையில் புகுந்து வேறு கதை எடுத்தால் உள்ளங்கையை மெல்ல உயர்த்தி இதைச் சொல்வார். அதட்டல் இல்லை. பஸ் வருகிறது என்று சொல்கிற மாதிரித்தான் இருக்கும்.

நாங்கள் மூன்று பேர் ஹென்டர்சனில், கார் ரயர் விற்கிற கடை ஒன்றின் மேல்மாடியில் வேலை செய்தோம். அது ஒரு சின்ன அறக்கட்டளை. இணையத்தில் பாடங்கள் செய்வது எங்கள் வேலை. முதலில் பசிபிக் தீவுகளில் அரச வேலை செய்கிறவர்களுக்காகச் செய்தார்கள். ரீச்சர் வந்த பிறகு ஆப்பிரிக்காவுக்கும் செய்யத் தொடங்கினார்கள். வறட்சி, வெள்ளம், வடிகால், குப்பை, வெயிலுக்குத் தாங்குகிற கட்டடம் என்று, காலநிலை மாறுகிறபோது ஓர் ஊர் சமாளிக்க வேண்டியவை எல்லாம் அதில் வரும். படிக்கிறவர்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள்: நீர்வழங்கல் எஞ்சினியர்கள், விவசாய அலுவலர்கள், நகரசபைக்காரர்கள். காசு தலைநகர் வெலிங்டனில் இருந்த ஒரு நிதியத்திலிருந்து வந்தது. ரீச்சர் தலைமை. கோயம்புத்தூரிலிருந்து வந்த பிரபா என்ற பெண் இணையத்தளத்தையும் படிவங்களையும் பார்த்தாள். நான் வீடியோ எடுப்பேன், வெட்டுவேன், ஒட்டுவேன். அதற்கு முன் கூரியர் வான் ஓட்டினவன். வெட்டுகிற வேலையை இருந்த இடத்தில் பார்த்துப் பார்த்துப் பழகினேன்.

ஆப்பிரிக்கா எப்படி வந்தது என்றால், எண்பதுகளில் யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகள் பலர் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் படிப்பிக்கப் போனார்கள். ரீச்சரும் போனவர். சாம்பியாவில் கணக்குப் படிப்பித்தார். அவரிடம் படித்தவர்கள் பெரிய ஆட்களாகி ஊருக்கொருவராக இருந்தார்கள். அவர்களைப் பிடித்துத்தான் முதல் வகுப்புக்கு ஆள் சேர்த்தார்.

காத்து நிற்கிற பழக்கமும் அங்கேதான் வந்ததாம். ஒருமுறை கேட்டேன்.

"நான் அப்ப நிக்கிற ஆளில்லை, தம்பி. ஒரு பிள்ளையைக் கேப்பன், வாய் திறக்காட்டி அடுத்த பிள்ளையைக் கேப்பன். ஒருநாள் வகுப்பு முடிய ஒரு பெட்டை வந்து, 'மிஸ், எனக்கு விடை தெரியும், நீங்கள்தான் நிக்கேல்லை' எண்டாள். அண்டைக்கு நிண்டனான், இன்னும் நிக்கிறன்."

அவரிடம் ஒரு நீலக் கொப்பி இருந்தது. படிக்கிறவர்களின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண். கானாவில் ஒரு நகரசபை எஞ்சினியருக்கு இரண்டு. சாம்பியாவில் ஒரு விவசாய அலுவலருக்கு ஐந்து. மலாவியில் சிகோண்டி என்ற நீர்வள எஞ்சினியருக்கு மூன்று. அது புள்ளி என்று நான் முதல் மாதம் முழுக்க நினைத்திருந்தேன். கானாக்காரர் கெட்டிக்காரர், அவருக்குப் போய் இரண்டோ என்று மனவருத்தம் கூடப் பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது அவரவர் குரல் எங்களிடம் வந்து சேர எடுக்கிற செக்கன். ரீச்சர் கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணுவார். ஐந்து செக்கன்காரரை இரண்டு செக்கனில் குறுக்கிட மாட்டார்.

வகுப்பு எங்களுக்குப் பின்னேரம் ஆறரைக்கு. அவர்களுக்கு அது விடிந்த நேரம். இந்தப் பக்கத்தில் நாங்கள் அப்பம் சுடுகிற வீட்டை நினைத்துக்கொண்டு பசியோடு இருப்போம். அந்தப் பக்கத்தில் அவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து உட்காருவார்கள்.

எல்லோருக்கும் இந்தக் காத்திருப்பு பிடித்தது என்று சொல்ல மாட்டேன். தகனினியில் எங்கள் வீட்டுக் கராஜில் என் மகளின் பிறந்தநாள் வைத்தோம். என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். ரீச்சர் கையில் பற்றிஸ் தட்டோடு அவன் பக்கத்தில் போய் இருந்தார்.

"வேலை எப்பிடிப் போகுது, தம்பி?"

"பரவாயில்லை, ரீச்சர்."

ரீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பற்றிசையும் கடிக்கவில்லை. அவன் சிரித்தான், பலூனைப் பார்த்தான், சப்பாத்து லேஸைச் சரிசெய்தான். பிறகு தலையைக் குனிந்தபடியே, "வேலை போய் ரெண்டு மாசம், ரீச்சர்" என்றான்.

அவன் பெண்சாதி கேக் துண்டுகளோடு பின்னால் நின்றாள். அவளுக்கு அதுதான் முதல் செய்தி. இரண்டு மாதமாக அவன் காலையில் வெளிக்கிட்டு, மோட்டர்வேயில் ஓடி, ஒரு பூங்காவின் கார்த் தரிப்பிடத்தில் பின்னேரம் வரை இருந்துவிட்டு வந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவள் என் மனைவிக்குச் சொன்னது ஒரே ஒரு வசனம்: "அந்த மனிசி வாறதெண்டால் எங்களைக் கூப்பிடாதேங்கோ, அக்கா."

ரீச்சருக்கு அது விளங்கவே இல்லை. "நான் துருவேல்லையே. ஒருக்காத்தானே கேட்டனான்" என்றார். அது உண்மைதான். ஒருமுறைதான் கேட்டார்.

பிரபா இதையெல்லாம் சேர்த்து எனக்கு ஒரு புத்திமதி சொன்னாள். "டீச்சர்கிட்ட லீவு கேட்கப் போறதுக்கு முன்னாடி உண்மையான காரணத்தையும் ரெடியா வச்சுக்கங்கண்ணா. முதல்ல சொல்ற காரணம் அங்க செல்லாது."

இப்படி இருக்கும்போதுதான் புதுப் பணத்துக்கு விண்ணப்பிக்கிற காலம் வந்தது. நிதியம் கொடுத்த காசு முடிகிற நிலை. மூன்று புதிய பாடங்களுக்குக் கேட்டிருந்தோம். கிடைத்தால் எங்கள் மூவருக்கும் இன்னும் சில வருடம் வேலை. கிடைக்காவிட்டால் மேல்மாடியைப் பூட்டித் திறப்பை ரயர் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். நிதியத்துக்காரர் ஐந்து நிமிட வீடியோ ஒன்று கேட்டார்கள்: படித்தவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும், பாடத்தால் என்ன நடந்தது என்று.

என்னிடம் மணிக்கணக்காக வகுப்புப் பதிவுகள் கிடந்தன. ரீச்சரின் வகுப்பை வெட்டுவது லேசில்லை. பாதிக்குப் பாதி மௌனம். அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. ஒரு பொத்தானை அமத்தினால் யாரும் பேசாத இடமெல்லாம் தானாகக் கழன்று போகும். நான் அமத்தினேன். ஐந்து நிமிடத்தில் பதினொரு பேர் வந்து போனார்கள். பேச்சு அருவி மாதிரிக் கொட்டியது.

"செம ஸ்பீடுண்ணா" என்றாள் பிரபா. "டீச்சர் ரேடியோ ஜாக்கி மாதிரி இருக்காங்க."

ரீச்சர் கடைசி வரை பார்த்தார். பிறகு, "சிகோண்டி வாற இடத்தைத் திருப்பிப் போடுங்கோ" என்றார்.

போட்டேன். திரையில் ரீச்சர் கேட்கிறார்: இந்தப் பாடம் உங்கள் வேலையை மாற்றியதா? சிகோண்டி உடனே சொல்கிறார்: ஆம், மாற்றியது.

"இன்னொருக்கா."

மூன்று முறை போட்டேன்.

"இந்த மனிசன் இப்பிடிக் கதைக்கிற ஆளில்லை. வெட்டாததைக் காட்டுங்கோ."

வெட்டாததை எடுத்தேன். ரீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். கேள்வி முடிந்தது. சிகோண்டி பக்கவாட்டில் பார்த்தார். பேனை ஒன்றை எடுத்தார், வைத்தார். அவர் வீட்டுப் பக்கம் ஒரு சேவல் கூவியது. பிறகுதான், ஆம், மாற்றியது என்றார்.

"இருபது செக்கன்" என்றார் ரீச்சர். "சேவல் கூவினது கேட்டது. அப்ப லைன் நல்லாத்தான் இருந்திருக்கு. அவரின்ரை லைனுக்கு மூண்டு. மிச்சப் பதினேழும் ஆருடையது?"

"யோசிச்சிருப்பார், ரீச்சர்" என்றேன்.

"என்னத்தை?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரே கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கு நானும் கவனிக்கேல்லை. 'ஆம்' எண்ட சந்தோசத்தில அடுத்தவரிட்டைப் போயிட்டன்" என்றார். தன் பிழையைச் சொல்கிறபோதும் அவர் குரல் அதே அளவில்தான் இருக்கும்.

மறுநாள் பின்னேரம் சிகோண்டிக்கு அழைப்பு எடுத்தார். நானும் பிரபாவும் பக்கத்தில் இருந்தோம். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. ரீச்சர் சுற்றி வளைக்கவில்லை. வேலையை எப்படி மாற்றியது என்று கேட்டார். கேட்டுவிட்டு இருந்தார்.

சிகோண்டி கடைசியில் சிரித்தார். வெட்கச் சிரிப்பு. "பொய் சொல்லவில்லை, மேடம். மாற்றியதுதான். அடுத்த மாதம் தலைநகருக்குப் போகிறேன். ஒரு சர்வதேச நிறுவனத்தில் வேலை. உங்கள் சான்றிதழைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம்."

"வாழ்த்துகள்" என்றார் ரீச்சர். மனதாரச் சொன்னார். அதன் பிறகு, "உங்கள் இடத்துக்கு யார் வருகிறார்?"

மூன்று செக்கன் போனது. இன்னும் போனது.

"யாரும் இல்லை, மேடம். இந்த மாவட்டத்துக்கு நீர்வள எஞ்சினியர் என்று இருந்தது நான் ஒருவன்."

"அப்படியென்றால் மழைக்காலத்தில் ஆற்று மட்டத்தை யார் பார்ப்பது?"

"அது லிலியன். முன்பும் அவர்தான். ஆற்றில் நட்டிருக்கிற அளவுகோலைக் காலையும் மாலையும் போய்ப் பார்த்து எழுதுவது அவர். வெள்ளம் வருகிறதென்று கீழூர்களுக்குப் போன் பண்ணுவதும் அவர். நான் அந்த எண்களைக் கணினியில் போடுகிறவன்."

"அவரை ஏன் எங்கள் வகுப்புக்கு அனுப்பவில்லை?"

"அனுப்பினேன், மேடம். இரண்டு தடவை. உங்கள் படிவம் அவரை விடவில்லை."

அழைப்பு முடிந்ததும் பிரபா படிவத்தைத் திறந்தாள். நாலாவது பெட்டி: பட்டம், பல்கலைக்கழகம், சான்றிதழைப் பதிவேற்றவும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

"இதை ஆர் போட்டது?" என்றார் ரீச்சர்.

பிரபா என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். "நீங்கதான் டீச்சர் போடச் சொன்னீங்க" என்றாள் அவள். "புரொஃபஷனல்னா டிகிரி இருக்கணும்ல, அதுகூடவா சொல்லணும்னு கேட்டீங்க."

ரீச்சர் நாற்காலியில் இருந்தார். அந்தப் பெட்டியை நிதியம் கேட்கவில்லை. மலாவி கேட்கவில்லை. கலியாணக் கார்டிலும் மரண அறிவித்தலிலும் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுகிற சனம் நாங்கள். கை தானாகப் போய் அதை எழுதியிருக்கிறது. சான்றிதழைப் பதிவேற்றச் சொல்கிற விளக்க வீடியோவுக்குக் குரல் கொடுத்தவன் நான். என்னிடம் பதிவேற்ற ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை.

"அப்ப, போகக்கூடிய ஆக்களைத் தேடித் தேடிப் படிப்பிச்சிருக்கிறம்" என்றார் ரீச்சர். "இருக்கிற ஆளை வாசல்ல மறிச்சு வைச்சிருக்கிறம்."

வெள்ளிக்கிழமைகளில் அவரை நான்தான் வீட்டில் இறக்குவேன். அந்த வெள்ளி காரில் கேட்டேன். "நிதியத்துக்காரருக்கு இதைக் காட்டத்தான் வேணுமோ, ரீச்சர்? மற்றப் பத்துப் பேரும் நல்லாத்தானே சொல்லியிருக்கினம். சிகோண்டியை எடுத்து விட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்கு வீட்டு மோட்கேஜ் இன்னும் எத்தினை வருசம் கிடக்கு?"

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அவர் விடவில்லை. ஒரு சிக்னல் தாண்டி, "இருபத்திரண்டு" என்றேன்.

"ம்" என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "காட்டத்தான் வேணும், தம்பி" என்றார். என் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அதைச் சொன்னார் என்பது எனக்கு அப்போது ஆறுதலாக இருக்கவில்லை.

நிதியத்துக்காரரோடு நடந்த கூட்டமும் திரையில்தான். வெலிங்டன் பக்கத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவி. நரைத்த தலை, இதமான முகம். ரீச்சர் வேகமான வீடியோவைப் போட விடவில்லை. சிகோண்டியின் வெட்டாத துண்டை மட்டும் போடச் சொன்னார். இருபது செக்கன் என்பது கேட்பதற்குச் சின்னது. காசு கொடுக்கிறவர்களுக்கு முன்னால் இருந்து பார்த்தால் அது முடிவதே இல்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் படம் உறைந்துவிட்டது என்று நினைத்து விசைப்பலகையைத் தட்டினார்.

பிறகு ரீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். சிகோண்டி போவதை, லிலியனை, நாலாவது பெட்டியை. பெட்டியைப் போட்டது தான் என்பதையும் சொன்னார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால் அந்த மாவட்டங்களை வெறுமையாக்க நாங்கள் காசு கொடுத்திருக்கிறோமா?"

"சில இடங்களில், ஆம்."

"படிக்கிறவர்கள் இரண்டு வருடம் அதே வேலையில் இருப்போம் என்று கையெழுத்து வைக்கட்டும். அந்த நிபந்தனை இருந்தால் மூன்று பாடங்களையும் சபைக்குக் கொண்டுபோக என்னால் முடியும். சம்மதமா?"

பொண்ட். இலங்கையில் அரசாங்கச் செலவில் படித்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சொல். பிரபா மேசைக்குக் கீழே என் முழங்காலை இடித்தாள். ஒரு காகிதத்தில் பெரிதாக "ஓகே சொல்லுங்க" என்று எழுதி ரீச்சருக்கு நேரே பிடித்தாள். நானும் தலையை ஆட்டினேன். ஒரு 'ஆம்', அவ்வளவுதான் தேவை. இந்தமுறை கேள்வி கேட்கப்பட்டது ரீச்சரிடம். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"நானும் ஒன்றில் கையெழுத்து வைத்தேன்" என்றார் ரீச்சர். "அரசாங்கம் என்னைப் படிப்பித்தது. மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் வருடம் சாம்பியாவுக்குப் போய்விட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு வேறு ஆள் இருக்கவில்லை. கையெழுத்து என்னை மறிக்கவில்லை, சிகோண்டியையும் மறிக்காது. ஒருவர் போய்விடுவார் என்பதற்காக அவரைப் படிக்காமல் வைத்திருக்க எனக்கு உரிமையும் இல்லை. போகிறவர் போகட்டும். ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் இரண்டு பேரை எடுப்போம். அதில் ஒருவர், எங்கேயும் போகாமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிற ஆளாக இருக்கட்டும். பட்டம் கேட்க வேண்டாம். அதற்குத்தான் காசு கேட்கிறேன்."

"நிபந்தனை இல்லாமல் மூன்றையும் கொண்டுபோக என்னால் முடியாது" என்றார் தலைவி.

"விளங்குகிறது. நன்றி" என்றார் ரீச்சர்.

அவரோடு ஆறு வருடம் வேலை செய்தவன் நான். மன்னார்க் கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை போலும். கேட்டவர்களும் நின்றிருக்க மாட்டார்கள்.

சில வாரத்தில் கடிதம் வந்தது. ரீச்சர் எழுந்து நின்று எங்களுக்கு வாசித்தார். கையெழுத்து நிபந்தனை இல்லை. மூன்றுக்குப் பதில் ஒரு பாடம். அலுவலகத்துக்கு இரண்டு பேர், பட்டம் தேவையில்லை. கடைசிப் பந்தியில் இன்னொன்று இருந்தது: பாடத்தை இனி மலாவியில் உள்ள ஒரு பயிற்சி நிலையமே நடத்தும், நாங்கள் அந்த மழைக்காலம் முடிவதற்குள் எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

"சரியாத்தான் எழுதியிருக்கினம்" என்றார் ரீச்சர்.

"சரிதான் டீச்சர்" என்றாள் பிரபா. "ஆனா நமக்கு வேலை போச்சே."

"ஓம், பிள்ளை. அதுவும் எழுதியிருக்கு."

பிரபாவுக்கு வேறு வேலை கெதியாகக் கிடைத்துவிட்டது. நான் மறுபடி கூரியர் கம்பனிக்கு விண்ணப்பம் போட்டேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை காரில் நான் ஒன்றும் கதைக்கவில்லை. ஹென்டர்சன் தாண்டியதும் ரீச்சர் கேட்டார்.

"என்னில கோவமோ?"

கேட்டுவிட்டு மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு இருந்தார். நியூ லின் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. பச்சை விழுந்து, பின்னால் ஹோர்ன் அடிக்கிறபோது, "ஓம்" என்றேன்.

"ம். நியாயம்தான்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குக் கோபம் இருந்ததா என்று சரியாக ஞாபகமில்லை. மோட்கேஜ் இருந்தது.

ஒப்படைப்புக் காலத்தில் முதல் வகுப்பு நடந்தபோது எங்களுக்குக் கோடை. ஆறரைக்கு வெளியே நல்ல வெயில். மலாவியில் மழை, பலரின் பக்கத்திலிருந்து தகரக் கூரைச் சத்தம் வந்தது. பாடம் நடத்தியது அங்கேயுள்ள ஓர் இளம் விரிவுரையாளர். நாங்கள் சும்மா பார்க்கிறவர்கள். நிதியத்தின் தலைவியும் பார்க்க வந்திருந்தார். எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது, அடுத்த வருடமும் காசு கொடுப்பதா என்று அவர் அன்றைய வகுப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க இருந்தார். விரிவுரையாளருக்கு அது முன்பே தெரியும், நெற்றி வேர்த்திருந்தது.

லிலியன் திரையின் ஒரு மூலைச் சதுரத்தில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆண்கள் போடுகிற பெரிய மழைக்கோட்டு. அலுவலகப் போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தார், முகம் பாதிதான் தெரிந்தது. அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விரிவுரையாளர் நல்ல இடம் பார்த்து அவரிடம் கேட்டார்: "கீழூர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று எந்த நேரத்தில் முடிவெடுக்கிறீர்கள்? எங்களுக்குச் சொல்லுங்கள்."

தலைவி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். ரீச்சர் கொப்பியை எடுக்கவில்லை; லிலியனுக்கு இன்னும் எண் போடவில்லை. எண்ணத் தொடங்கினார் என்பது அவர் உதட்டில் தெரிந்தது.

லிலியன் கையைத் தூக்கி மணி பார்த்தார். "மன்னியுங்கள். எட்டு மணியாகிறது. நான் போய் ஆற்றைப் பார்க்க வேண்டும்" என்றார். போனைக் கையிலெடுத்தார். ஒரு கதவும் கொஞ்சம் சேறும் தெரிந்தன. அந்தச் சதுரம் இருண்டது.

விரிவுரையாளர் தலைவியிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். "திரும்பி வருவாரா?" என்று தலைவி கேட்டார். "தெரியாது, மேடம். இரவு முழுக்க மழை" என்றார் அவர்.

ரீச்சர் எழுந்து கைப்பையைத் தோளில் போட்டார்.

"பதிலைக் கேக்கேல்லையோ, ரீச்சர்?" என்றேன். "வகுப்பு முடிய இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு."

"அவ வேலைக்குப் போயிட்டா, தம்பி" என்றார். "வாங்கோ, நாங்களும் போவம்."